கண்மாய்க்கு ஆடிட் வந்த நாள்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. மராமத்து இலாகாவில் என்னை ஆடிட் குமாஸ்தாவாகப் போட்டதற்கே அதுதான் காரணம் என்று எங்கள் ஹெட் கிளார்க் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒங்கிட்ட யாரும் ஒட்ட மாட்டாங்கப்பா. ஒட்டாதவன்தான் இந்த சீட்டுக்கு லாயக்கு." எனக்கு வந்ததே கோபம்! ஆனால் யோசித்துப் பார்த்தால் மனிதர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய சர்க்காரோடு இணைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. இணைப்புக்கு முன்னால் எங்கள் கணக்கை எங்கள் ஊர்க்காரர்களே பார்த்து, கையெழுத்துப் போட்டு, சிவப்புத் துணியில் கட்டி மேலே ஏற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் மதராஸிலிருந்து தணிக்கைக்கு ஆள் வர ஆரம்பித்தது. அவர்களுக்கும் எங்கள் ஆபீசுக்கும் நடுவில் நிற்பதுதான் என் வேலை. ஆடிட்டர் கேட்கிற காகிதத்தை எங்கள் ஆட்களிடமிருந்து பிடுங்க வேண்டும். எங்கள் ஆட்கள் சொல்லும் சமாதானத்தை ஆடிட்டருக்கு ஏற்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபீசில் எனக்குத் தரகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணம் நின்று போனால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து தரகனைத்தானே உதைப்பார்கள்.

அப்படிப்பட்ட எனக்கும் ஒரு சிநேகிதர் இருந்தார். எங்கள் செக்ஷன் ஓவர்சியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்தமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் வேலையில் சேர்ந்த அன்று மத்தியானம் நேராக வந்து என் டிபன் கேரியரைத் திறந்து பார்த்து, "என்ன மாப்ள, எந்தங்கச்சி வெறும் வத்தக்கொழம்பு குடுத்து அனுப்பிருக்கு?" என்றார். முன்பின் தெரியாத ஆள்! "ஒங்க தங்கச்சிக்கிட்டயே கேளுங்க மச்சான்" என்று நான் எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அவர் மச்சான், நான் மாப்பிள்ளை. என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். ஆபீசில் இருக்கும் நாட்களில் என் கேரியரின் மேல் அடுக்கு அவருக்கு, அவர் கொண்டுவரும் கருவாடு எனக்கு.

மழை பொய்த்த வருஷங்கள் அவை. குடுமியான்மலைக்கு அங்கிட்டு ஒரு கண்மாய் சுத்தமாக வற்றிக் கிடந்தது. ஜனங்களுக்கு வேலையும் ஆச்சு, கண்மாயும் ஆழமாகும் என்று சர்க்கார் செலவில் வண்டல் வெட்டச் சொன்னார்கள். மச்சான்தான் அதற்கு ஓவர்சியர். இரண்டு மாசம் வெயிலில் நின்று, கரையோரம் தவிர கண்மாய் வயிறு முழுவதையும் வெட்ட வைத்தார். ஆள் கருவேலங்கட்டை மாதிரி ஆகிவிட்டார்.

மண் வெட்டுகிற வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய இடத்தில் அங்கங்கே ஆள் இடுப்பளவு அகலத்துக்கு ஒரு மண் மேட்டை வெட்டாமல் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். அதன் பெயர் சாட்சி. அதன் தலையில்தான் பழைய தரை இருக்கும். தலையிலிருந்து அடிவரை கோலை வைத்து அளந்தால், எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பது தெரிந்துவிடும். அளந்து கணக்கு முடிகிறவரைக்கும் சாட்சியைத் தொடக்கூடாது. சாட்சியின் தலையில் புது மண்ணைப் பூசி உயரத்தைக் கூட்டிக் காட்டும் கெட்டிக்காரர்களும் உண்டு. அதனால் அளக்க வருகிறவர் முதலில் தலையில் பழைய புல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அந்த வருஷம் வந்த ஆடிட்டர் ஒல்லி மனிதர். டிராவலர்ஸ் பங்களாவில் தங்கினார். எங்கள் ஆபீசில் ஒரு வாய் காபி குடிக்க மாட்டார், வெந்நீர் மட்டும் கேட்பார். காபி குடிக்காத ஆடிட்டரைப் பார்த்து எங்கள் ஆபீசே நடுங்கியது. குரலை உயர்த்த மாட்டார். சந்தேகம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

கண்மாய்க் கணக்கு அவர் மேஜைக்குப் போன அன்று கண்ணாடியைத் துடைத்தார்.

"கண்மாய் பூராவும் நாலடி ஆழம்னு எழுதியிருக்கு. ஒரு இடத்துலயாவது கூடக் குறைய இருக்க வேண்டாமா? மண் அப்படியா வெட்ட விடும்?"

மச்சானைக் கூப்பிட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கீழ செம்பாறை சார். நாலடிக்கு மேல கடப்பாரையே எறங்கல. அதான் எல்லா எடத்துலயும் ஒண்ணா நிக்குது" என்றார்.

ஆடிட்டர் ஒன்றும் மறுக்கவில்லை. "சாட்சி நிக்குதில்லையா? எஞ்ஜினீயரோட நானும் வந்து பார்க்கிறேன்" என்றார், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எங்களுக்கு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டும். சமஸ்தானத்து ஆட்களைப் புது சர்க்கார் ஒவ்வொருவராகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. மச்சானுக்கு வரவில்லை. அவர் பைல் திருச்சியில் நின்றுகொண்டிருந்தது. வெட்டாத மண்ணை வெட்டியதாக எழுதினார் என்று ஆடிட்டர் ஒரு வரி எழுதினால் போதும், பதினெட்டு வருஷ சர்வீஸ் போச்சு. நாற்பது வயதுக்கு மேல் வேறு எங்கே போய் யாரிடம் நிற்பார்? வீட்டில் மாமியார், மனைவி, பிள்ளைகள் என்று ஏழு தட்டு விழும்.

ஆடிட்டர் கண்மாய்க்கு வருவதற்கு முன்னால் மூன்று நாள் மச்சானை நான் ஆபீசிலேயே பிடித்து உட்கார வைத்தேன். ஆள் கணக்கு, கூடைக் கணக்கு எல்லாம் எடுத்து வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. அது சரியான காரியம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். கண்மாய்க் கரையில் என்ன நடக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று காலை ஜீப்பில் போனோம். முன்னால் எஞ்ஜினீயரும் டிரைவரும். பின்னால் ஆடிட்டர், மச்சான், நான். ஊர் எல்லையிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. பாதை பெருக்கி, தண்ணீர் தெளித்து, குறுக்கே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. அம்பலக்காரர், அதாவது அந்த ஊர்ப் பெரியவர், சலவை வேட்டியோடு மாலையும் கையுமாக நின்றார். ஆடிட்டர் மாலையைத் தொடவில்லை. "கண்மாய் எங்கே?" என்றார்.

கரை ஏறிப் பார்த்தோம். மச்சான் என் தோளைப் பிடித்தார். பிடித்த இடம் வலித்தது.

கண்மாய் களம் மாதிரி சமதளமாகக் கிடந்தது. ஒரு சாட்சி இல்லை. அத்தனையும் அடியோடு வெட்டி, மண்ணைக் கரைக்கு அள்ளி, தரையைப் பெருக்கிக்கூட விட்டிருந்தார்கள். விளக்குமாறு இழுத்த கோடு தெரிந்தது.

"ஐயோ, சாட்சிங்க எங்க?" என்றார் மச்சான்.

அம்பலக்காரர் முகமெல்லாம் பூரிப்பு. "அதான் எல்லாத்தையும் எடுத்துட்டோம்ல! தண்டோராப் போட்டு, வீட்டுக்கு ஒரு ஆளு வந்து, நேத்துப் பொழுதுக்குள்ள முடிச்சுட்டோம். மதராஸ் தொரை கேம்ப் வாராகன்னு தாக்கல் வந்துச்சு. மேடும் பள்ளமுமாக் கெடந்தா ஊருக்குத்தான அசிங்கம்?"

விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ராஜா காலத்தில் பெரிய உத்தியோகஸ்தர் முகாம் வருகிறார் என்றால், வழியெல்லாம் மட்டம் தட்டிச் சுத்தம் செய்வது ஊரார் கடமை. ராஜா போய்விட்டார், வழக்கம் போகவில்லை. தாசில்தார் ஆபீசிலிருந்து 'கேம்ப்' என்று ஒரு வார்த்தை போயிருக்கிறது. இவர்கள் மரியாதை செய்வதாக நினைத்து மச்சான் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. "யாருய்யா ஒங்கள வெட்டச் சொன்னது? அறிவு இருக்கா? ஒரு வார்த்தை கேக்க வேணாமா? இந்த மனுசன் சோத்துல மண்ணைப் போட்டீங்களேய்யா!" என்று அந்தப் பெரியவரைக் கண்டபடி கத்தினேன். அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மிரண்டு நின்றார். நல்லது செய்தவனைத் திட்டினால் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தார். மச்சான்தான் என்னை அமர்த்தினார். "விடு மாப்ள, விடு. அவுகளுக்கு என்ன தெரியும்?"

ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தணிக்கைக்கு முதல் நாள் எல்லாச் சாட்சியும் போயிருக்கு" என்றார் யாரையும் பார்க்காமல். எஞ்ஜினீயர் இருமினார். கரையோரம் வெட்டாத தரை இருக்கிறதே, அதை வைத்து அளக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "கரையோரம் சரிவு. அது கணக்கில் நிற்காதுன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும்தான்.

அப்போதுதான் மச்சான் கண்மாயின் தென்மூலையைக் காட்டினார். ஒரு வேலமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு மட்டும் நின்றது. கிட்டே போனோம். சாட்சிதான். ஆனால் அதன் உச்சியில் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் குழைத்து மேடை கட்டி, அதன் மேல் ஓர் உருண்டைக் கல்லை வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, எருக்கம்பூ சாத்தியிருந்தது.

"பிள்ளையாரு. அதான் கை வைக்கல" என்றார் அம்பலக்காரர் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே.

மச்சானுக்கு உயிர் வந்தது. எஞ்ஜினீயர் மட்டக்கருவியை நிறுத்தித் தரையைப் பார்த்தார். தரை முழுக்கச் செம்பாறை ஒரே மட்டமாக ஓடியது. ஆக, ஒரு சாட்சி சரியாக இருந்தாலே கண்மாய் முழுக்கச் சரி என்று அவர் சொன்னார். ஆடிட்டரும் ஒத்துக்கொண்டார். ஆனால் மேட்டின் உச்சியைச் சுற்றி வந்து பார்த்தவர், தலையை ஆட்டினார்.

"மேலே புது மண். இதுக்குக் கீழே பழைய தரை எங்கே நிற்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சாமிக்காகப் பூசியதா, அளவுக்காகப் பூசியதா?"

"சாமிக்குத்தான் சார்" என்றார் மச்சான்.

"வெட்டிப் பார்த்தால் தெரிஞ்சுடும்."

கூட்டம் அதுவரை சும்மா வேடிக்கை பார்த்தது. வெட்டுவது என்றதும் சலசலப்பு எழுந்தது. இளவட்டங்கள் நாலு பேர் மேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அம்பலக்காரரின் பூரிப்பு, பயம் எல்லாம் போய் முகம் இறுகிவிட்டது. "தொரைக்காகத்தான் இம்புட்டும் செஞ்சோம். சாமி தலையில மம்பட்டி போட விட மாட்டோமுங்க. இன்னமே ஒரு சொட்டு மழ பேயுமா?" என்றார். மழையில்லாத ஊரில் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? எஞ்ஜினீயர் ஜீப் நிற்கிற திக்கைப் பார்த்தார். மச்சான் சட்டையெல்லாம் தெப்பலாக நனைந்திருந்தது. வெயிலும் கொடூரம்தான், ஆனால் அது வெயில் வேர்வை இல்லை.

நான் வாயைத் திறந்தால் அடிதடியில் முடியும் என்று தெரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வண்டல் வெட்டுக்கு வந்த கூலி ஆட்களில் ஒருத்தி. கூடை சுமந்து சுமந்து உச்சியில் முடி தேய்ந்திருந்தது.

"இந்தப் பிள்ளையார வச்சது நானு" என்றாள். "மொத நா வெட்டையில எங்காலுல தட்டுன கல்லு. நாந்தேன் தூக்கி வச்சேன். அதுக்குப் பொறகுதேன் ஊரு கும்புட்டுச்சு. நானே எறக்கிக்கிறேன்."

"எறக்கி எங்கிட்டு வப்ப? சாமிய வெறுந்தரையில போடுவியா?" என்றார் அம்பலக்காரர்.

"வெறுந்தரையில எதுக்குப் போடுறேன்? எம்மடியில வச்சுக்கிறேன். இம்புட்டு நாளு வெயில்ல காஞ்சாரு, செத்த நெழல்ல இருக்கட்டுமே." ஓவர்சியரைப் பார்த்து, "புள்ள குட்டிக்காரரு. ரெண்டு மாசம் எங்களோடயே நின்னாரு. மேடைய அப்புறம் கட்டிக்கலாம்" என்றாள்.

மேட்டின் மேல் ஏறி, கல்லைக் கும்பிட்டு, இரண்டு கையாலும் தூக்கினாள். இறங்கிப் போய் வேலமரத்தடியில் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். இளவட்டங்கள் என்ன செய்வது என்று தெரியாமல் விலகினார்கள். சாமி அங்கே போய்விட்ட பிறகு இங்கே இருப்பது வெறும் மண்தானே.

ஆனாலும் வெட்ட யாரும் முன்வரவில்லை. மச்சான் மண்வெட்டியை எடுத்தார். "நீங்க வேண்டாம்" என்றார் ஆடிட்டர். சந்தேகம் யார் மேல் இருக்கிறதோ அவர் கை படக்கூடாது. சரிதான். எஞ்ஜினீயர் இலாகாவின் பெரியவர், அவரை வெட்டச் சொல்ல முடியாது. ஆடிட்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இரண்டு பக்கத்துக்கும் பொது இல்லையா? நீங்க எடுங்க."

பொதுவாம்! எங்கள் ஆபீசில் ஒருவரும் எனக்கு அப்படி ஒரு பட்டம் கொடுத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மண்வெட்டியைப் பிடித்துப் பழக்கமில்லை. உள்ளங்கை வழுக்கியது. மேடை மண் காய்ந்து ஓடாக இருந்தது. ஒரு கொத்து, இன்னொரு கொத்து, பில்லை பில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே புல் இல்லை, வெறும் மண். இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். மண்தான். கிட்டத்தட்ட ஒரு சாண் போய்விட்டது. பழைய புல்லைக் காணோம்.

ஒரு நிமிஷம் கையை நிறுத்தினேன். நிமிர்ந்தேன். பிறகு குனிந்து மறுபடியும் கொத்தினேன்.

அடுத்த கொத்தில் மண்வெட்டி நுனியில் நார் நாராக ஏதோ சிக்கியது. கையால் மண்ணை விலக்கினேன். கோரைப் புல். நசுங்கி, வெளுத்து, செத்துப்போயிருந்தது. ஆனால் கோரைதான், கிழங்கோடு வேரோடு, சாட்சித் தலை முழுக்கப் பாய் விரித்த மாதிரி படிந்து கிடந்தது. ஒரு கண்மாயின் பழைய தரைக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? "இருக்கு சார், இருக்கு!" என்று கத்திவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஆடிட்டர் ஷூவைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். ஒரு கோரையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வேர் பிடித்திருந்தது, வரவில்லை. அந்தப் புல்லிலிருந்து அடிவரை கோலை வைத்து அவரே அளந்தார். நாலடிக்கு இரண்டு விரற்கடை கூடவே இருந்தது.

"சரி" என்றார். பேனாவைத் திறந்தார். அந்தக் கண்மாய் மேல் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் ஆடிட்டர் ஆடிட்டர்தானே! ஜீப்புக்கு நடக்கும்போது, "மத்த சாட்சிகளை யார் உத்தரவில் வெட்டினாங்கன்னு விளக்கம் அனுப்புங்க" என்றார். அந்த விளக்கத்தை நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அவருக்குக் காட்டிய மரியாதைதான் அது என்று எப்படி எழுதுவது?

அந்தப் பெண் மரத்தடியை விட்டு எழுந்து வந்து கல்லை மறுபடியும் மேட்டின் மேல் வைத்தாள். அம்பலக்காரர் கையில் வாடிக்கொண்டிருந்த மாலையை வாங்கிப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டாள். நான் பெரியவரிடம் போய், "கோவத்துல பேசிட்டேங்க" என்றேன். "அதனால என்னங்க, மோரு சாப்புட்டுப் போங்க" என்றார்.

ஜீப்பில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். கண்டம் தாண்டிய சந்தோஷம். மச்சான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். களைப்பு என்று நினைத்தேன். ஆபீஸ் வாசலில் ஆடிட்டரும் எஞ்ஜினீயரும் உள்ளே போன பிறகு, "மச்சான், இன்னைக்கு நீங்க காபி வாங்கித் தரணும்" என்றேன்.

அவர் நின்றார். என் கையைப் பார்த்தார். கொப்புளம் போட்டிருந்தது.

"வெட்டிக்கிட்டே வந்து நடுவுல ஒரு தடவ நிறுத்தினீங்க" என்றார். "ஆடிட்டரு மண்ணைப் பாத்தாரு. அந்த ஊரு சனம் பூரா மண்ணைப் பாத்துச்சு. நீங்க மட்டும் எம்மூஞ்சியப் பாத்தீங்க."

எனக்கு வழக்கம்போலக் கோபம்தான் வந்தது. "பாக்காம? சந்தேகப்படுறதுக்குத்தானய்யா எனக்குச் சம்பளமே குடுக்குறாங்க!" என்றேன். அது நிஜம். ஆனால் கொத்தை நிறுத்திய அந்த ஒரு நிமிஷம், இவர் பொய்க் கணக்குத்தான் எழுதினாரோ என்று அவர் முகத்தில் நான் தேடியதும் நிஜம். அவர் அதைப் படித்துவிட்டார். "வாஸ்தவந்தான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. மேல் அடுக்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனேன். "அண்ணன் லீவா?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் மச்சானுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. ஆடிட்டர் எழுதிய நல்ல வரியும் பைலில் சேர்ந்திருந்தது என்று கேள்விப்பட்டேன். ஒரு தட்டு நிறைய ஜிலேபி வாங்கி ஒவ்வொரு மேஜையாகக் கொண்டு வந்தார். ஹெட் கிளார்க் வாயில் அவரே ஒன்றை ஊட்டினார். டைப்பிஸ்டோடு சிரித்தார். என் மேஜைக்கு வந்ததும் தட்டை நீட்டினார். நான் எழுந்து நின்றேன். "மச்சான்" என்றேன்.

"எடுத்துக்கங்க சார்" என்றார்.